செம்பருத்திப் படம்

ஏட்டி,

அம்மாதான் எழுதுகிறேன். உன் சிநேகிதி மாரிச்செல்வி கையில் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஃபேஸ்புக் பாட்டு குரூப்பில் நீ பாட்டு போட்டதும் முதல் ஆளாக இதயம் போடுவாளே ஒருத்தி, செம்பருத்திப் படம் வைத்தவள், அது நான்தான். நீ அவரோடு போன பிறகு இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லக் கூடாது. உன் பாட்டு வந்த அன்றைக்கு மட்டும் நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துச் சோறு தின்பேன்.

போன வாரம் நீயே வாயசைத்து ஒரு வீடியோ போட்டாய். கழுத்தில் தாலியைப் பார்த்தேன். பின்னால் ஈரத் தலையோடு ஆட்களும், ஒரு பழக்கடையும் தெரிந்தன. ஐந்தருவி என்று எனக்கு உடனே பிடிபட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. உன் அண்ணன் பின்னால் நின்றிருக்கிறான்.

“இது எந்த அருவிம்மா?” என்று மெதுவாகத்தான் கேட்டான்.

“கேரளா பக்கமா இருக்கும்லே,” என்றேன்.

போனை வாங்கிக்கொண்டான். இன்னும் தரவில்லை. வேலைக்கும் போகவில்லை. பைக்கைத் துடைத்து வைத்திருக்கிறான். உன் சித்தப்பா மகன்கள் வந்து அவனோடு பேசுகிறார்கள். நான் காப்பி கொண்டுபோனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இன்றைக்கே கிளம்பு. எங்கே என்று மாரிச்செல்வியிடம்கூடச் சொல்லாதே.

இனியும் செம்பருத்தியிடமிருந்து இதயம் வரும். ‘வீடியோ அருமை, எந்த ஊரு அக்கா?’ என்று கேட்கும். நான் ஒருநாளும் உன்னிடம் எந்த ஊர் என்று கேட்டதில்லை.

உன் அம்மா