மேனேஜர் அறையில் பூட்டிக் கிடந்த திரை

என் உயிரான அத்தாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் எழுதிப் பழக்கம். உங்களிடம் அதைக் கேட்க முடியவில்லை. இங்குள்ள சேதியை மட்டும் எழுதுகிறேன். ஒரு வாரமாக அண்ணனை மில்லுக்குள் விடவில்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் எலக்ட்ரீஷியன் வேலையை அண்ணனுக்குத்தான் கொடுத்தார்கள். மில் முழுவதுக்கும் கரண்ட் பிரியும் அதே பேனல் அறை. அம்மா வேண்டாம் என்று அழுதார்கள். வேறு வழி என்ன இருந்தது?

எந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்ட மில்லில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்களே, நினைவிருக்கிறதா? பஞ்சுத் தூசி படக்கூடாது என்று அதை மேனேஜரின் ஏ.சி. அறையில் வைத்து, உறை போட்டிருந்தார்கள். அவர் வெளியே போகும்போதெல்லாம் அறையைப் பூட்டிவிடுவார். விருந்தாளி வந்தால் மட்டும் உறையைக் கழற்றுவார். "கம்ப்யூட்டருக்குக் கோஷா போட்ருக்காக ஆத்தா, நம்ம கண்ணுல படக்கூடாதாம்" என்று நீங்கள் சொன்னதும் அம்மா முறைத்தார்கள்.

நீங்கள் போன அன்று காலையிலிருந்தே, மில்லின் காற்றை ஈரமாக வைக்கும் பெரிய விசிறிகளின் பேனலில் கரண்ட் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. திரை அதைக் காட்டிக்கொண்டும் இருந்திருக்கிறது, பூட்டிய அறைக்குள். மேனேஜர் மதுரைக்குப் போயிருந்தார். கருகல் வாடை வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. விசிறி நின்றால் நூல் அறும், அதனால் அவரைக் கேட்காமல் அணைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். போன் போட்டும் அவர் கிடைக்கவில்லை. அணைக்காமலே பேனலின் கதவைத் திறந்து பார்த்தீர்கள். அது உங்கள் முகத்திலேயே வெடித்தது.

உங்கள் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டார்கள், அத்தா. திரையைப் பார்க்க வேண்டியது யார் என்று ஒருவரையும் நியமிக்காதவர்கள் சொன்னார்கள்.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்று இயற்பியல் டீச்சர் நடத்தினார். எல்லோரும் எழுதினார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

பிறகு வெளியூர் இன்ஜினியர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் மாற்றினார். திரை பேனல் அறைக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து போகிறவர் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திரையில் சிவப்பு எரிந்தால் 'முதலில் அணை, பிறகு சொல்' என்று சுவரிலேயே எழுதினார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தது. பெரிய ஆர்டர் வந்தது. வாசிப்பது நின்றுபோனது.

போன வாரம் அதே விசிறிப் பேனலில் சிவப்பு எரிந்திருக்கிறது. அண்ணன் அணைத்துவிட்டான். ஹால் முழுக்க நூல் அறுந்தது. மேனேஜர் ஓடி வந்தாராம்.

"ஏலே, யாரக் கேட்டு அணைச்ச?"

"செவுத்துல எழுதிப் போட்ருக்கீகளே சார், அதப் படிச்சுத்தான்."

"அது ஆடிட்டுக்கு வாரவுக படிக்கிறதுக்குடா!"

மன்னிப்புக் கேட்டு, இனி கேட்காமல் அணைக்க மாட்டேன் என்று சொன்னால் வேலை உண்டாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அண்ணன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்தபடியே அம்மா சொன்னார்கள்: "கேட்டுட்டு நின்னவுகளத்தான் அங்கன இருந்து தூக்கிட்டு வந்தாக. நீ போகாத."

நான் அழவில்லை, அத்தா. ஆனால் அதோடு முடியவில்லையே. பழனிசெட்டிபட்டி முருகேசன் மாமாவை அண்ணன் இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு வயரைக்கூட மாற்றாமல் விசிறியை மறுபடி ஓட விட்டிருக்கிறார்களாம். அவர் மகள் செல்வி என் வகுப்புதான். "எங்கப்பாவுக்கு பெர்மனென்ட் ஆகிருச்சுடி!" என்று இன்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். வாயில் போட முடியவில்லை.

முருகேசன் மாமா வேலைக்குப் போகாமல் இருப்பாரா? அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே?

நாளை பள்ளி விட்டதும் செல்வியோடு அவள் வீட்டுக்குப் போகிறேன். அவர் கோபப்பட்டாலும், செல்வி அப்புறம் என்னோடு பேசாமலே போனாலும், உங்களுக்கு நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொல்வேன். உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

உங்கள் ஒரே மகள்,
ரஹ்மத்