பொம்மை வீட்டுக்கு மூன்று தலையணை

அண்ணி,

இன்று காலை வசந்தா தன் பேத்திக்காக வரவழைத்த பெட்டியைக் கூடத்தில் பிரித்தாள். உள்ளே ஒரு பொம்மை வீடு, இன்னும் கட்டாமல், பலகை பலகையாக. மரத்தூள் வாசம் குப்பென்று வந்தது. அந்த வாசத்துக்கு எனக்கு உங்களைத் தவிர வேறு யார் நினைவு வரும்?

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பெட்டி வந்ததே. அறுபதுகளின் நடுவில், கடலூர் பழைய டவுன் ஓ.டி.யில் குடியிருந்தபோது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு, உங்கள் தம்பிக்கு, ஊர் திரும்பிய கப்பல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. சுவர், கூரை, மாடிப்படி, புகைபோக்கி எல்லாம் தனித்தனியாக இருந்தன. "பொகபோக்கி வச்சவன் அம்மி போட எடம் வுட்டானா பாருங்க" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம்தான் உங்கள் வீட்டுக்காரர் தவறினார். சிதம்பரம் வடக்கு வீதியில் அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் ஒண்டியாக, பிள்ளையும் இல்லாமல். எனக்கோ இரண்டு பெண்கள், வசந்தா சின்னவள். காரியத்தன்று எல்லார் முன்னாலும் உங்கள் தம்பி, "சின்னவ ஒங்கிட்டயே வளரட்டும்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டாரா? அந்தக் கோபம் அவர் போன பிறகும் எனக்கு முழுசாக ஆறவில்லை.

பெட்டி வந்ததும் உங்களுக்குச் சொல்லி அனுப்பினார்: "இந்த வூட்டக் கட்டி முடிச்சி, வூட்டோட வசந்தாவயும் கொண்டாந்து வுட்டுடறேன்." நீங்களும் சரி என்றீர்கள்.

அப்புறம் அவர் செய்த ஆயத்தம் இருக்கிறதே, அப்பப்பா! ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேப்பரை விரித்துப் பலகைகளை அடுக்குவார். கடல் காற்றில் மரம் ஓதம் வாங்கிவிட்டது என்று வெயிலில் காய வைப்பார். வச்சிரப் பசை காய்ச்சி வீடு முழுக்க நாற்றம் ஏற்றுவார். உப்புத்தாளை எடுத்துத் தேய், தேய் என்று தேய்ப்பார். ஆனால் ஒரு பலகையைக்கூட இன்னொன்றோடு சேர்க்கவில்லை. கேட்டால், "ஆடி மாசத்துல எவனாவது வூடு கட்டுவானா?" என்பார். ஆவணியில் பலகை இன்னும் காயவில்லை என்பார். அப்புறம் புரட்டாசி. அது போனால் மழை. பிறகு மார்கழி.

முதலில் நான் திட்டினேன். ஒருநாள் தேய்த்துக்கொண்டே அவர் தூங்குகிற வசந்தாவைப் பார்த்த பார்வையைக் கண்டேன். கொடுத்த வாக்கை மீறவும் முடியவில்லை, பிள்ளையைக் கொடுக்கவும் முடியவில்லை அந்த மனுஷருக்கு. அடுத்த வாரம் உப்புத்தாளை நானே வாங்கி வைத்தேன்.

தை பிறந்ததும் நீங்களே வந்துவிட்டீர்கள். ஒரு கையில் கத்தரிக்காய் கொத்சுத் தூக்கு, ஒரு கையில் பிஸ்கட் டின். டின்னுக்குள் பொம்மை வீட்டுக்கு வேண்டிய சாமான்கள். கோரைப்பாயை வெட்டி ஓரம் தைத்த குட்டிப் பாய்கள், இலவம்பஞ்சு அடைத்த மூன்று தலையணைகள். உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு நீங்கள் கட்டாமல் வைத்த வாடாமல்லிப் புடவையைக் கிழித்து உறை தைத்திருந்தீர்கள்.

"எங்கடா வூடு?" என்று உட்கார்ந்து, நீங்களே இரண்டு பலகைகளை எடுத்தீர்கள். ஒன்றின் ஓரத்தில் நீட்டிய நாக்கை மற்றதன் காடிப் பள்ளத்தில் செருகினீர்கள். நழுவி விழுந்தது. வேறு இரண்டை எடுத்தீர்கள். அதுவும் விழுந்தது. தேய்த்துத் தேய்த்து நாக்கெல்லாம் மெலிந்து போயிருந்தது.

"என்னாடா இது, இப்புடித் தேச்சி வச்சிருக்க?"

அவர் குனிந்து விழுந்த பலகைகளைப் பொறுக்கினார். வசந்தா என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். நீங்கள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"இது நிக்காதுடா தம்பி. வுடு. புள்ள இங்கயே இருக்கட்டும். லீவுக்கு அனுப்பு, போதும்."

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் சந்தோஷத்தில் அழுதேன். நீங்கள் அழுதீர்களா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது டின்னை என் கையில் வைத்தீர்கள். "ஒண்ணு வசந்தாவுக்கு, ஒண்ணு எனக்குன்னுதான் தெச்சேன்."

"மூணு இருக்கே அண்ணி?"

"அது ஒனக்கு. புள்ளயப் பாக்க வந்தா நீ எங்க படுப்ப?"

அதன் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் வசந்தாவைக் கூட்டி வந்தேன். காலையில் வந்து, சாயங்கால ரயிலில் கூட்டிக்கொண்டே திரும்பினேன். "இருந்துட்டுக் காலையில போயேன்" என்பீர்கள். பெரியவள் தனியாக இருப்பாள், பால்காரன் வருவான் என்று எதையாவது சொல்வேன். ஒரு ராத்திரி உங்கள் பக்கத்தில் படுத்தால் பிள்ளை ஒட்டிக்கொள்வாளோ என்று பயம். பாழாய்ப்போன பயம். நீங்கள் வாசல் வரை வந்து நிற்பீர்கள்.

உங்கள் வீட்டில் நான் தங்கிய முதல் ராத்திரி, உங்களை எடுத்த அன்றைய ராத்திரிதான். யாரோ அலமாரியிலிருந்து எனக்கு ஒரு பெரிய தலையணை எடுத்துக் கொடுத்தார்கள். உறை அதே வாடாமல்லிப் புடவை. ஒருவரும் தலை வைக்காத தலையணை அண்ணி, பஞ்சு கொஞ்சமும் அமுங்கியிருக்கவில்லை. எனக்காகப் போட்டு வைத்திருந்தீர்கள். அன்றைக்கு அதில் தலை வைக்க எனக்கு மனசு வரவில்லை, தரையில் கிடந்தேன்.

இன்று வசந்தா கட்டுகிற வீடு நிற்கிறது. பலகைகள் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கின்றன. நான் பீரோவிலிருந்து அந்த டின்னை எடுத்து வந்து, மாடி அறையில் பாயை விரித்து, தலையணைகளை வரிசையாக வைத்தேன்.

"மூணாவது யாருக்கும்மா?" என்றாள் வசந்தா.

"எனக்குத்தான். உங்க அத்த போட்டு வச்சாங்க" என்றேன். "நான்தான் போயிப் படுக்கல."