மூன்று துளைகள்

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் வெந்நீர் பிளாஸ்கைத் திறந்தபோது ஆவி எழுந்து முகக்கவசத்தின் மேல் படிந்தது. சாவித்துவார அறுவையில் கேமராவை வயிற்றுக்குள் விடுவதற்கு முன்னால் அதன் லென்சை வெந்நீரில் தோய்த்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்புச் சூட்டில் கண்ணாடி மங்கிப்போகும். அந்த வெந்நீரை ஊற்றிய எஃகுக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை நீ கையுறைக் கையால் தொட்டுப் பார்த்து, "பாப்பாவுக்குப் பால் ஆத்துற சூடு, போதும்டி" என்பாய். கிண்ணத்தைத் தொட்டபடி ஒரு நொடி நின்றுவிட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

பதினாறு வருடம் ஒரே தியேட்டரில் எதிரெதிரே நின்றோம். அதற்கும் முன்னால், சுரங்கம் மூடிய தங்கவயலிலிருந்து நர்சிங் படிக்க விடியற்கால ரயிலில் ஒன்றாக இந்த நகரத்துக்கு வந்தோம். கல்யாணமான பிறகும் ஈஜிபுராவில் இரண்டு சந்து தள்ளித்தான் வாடகைக்கு இருந்தோம். நம் தியேட்டருக்கு முதன்முதலாகக் கேமராவும் நீளக் கருவிகளும் வந்தபோது நான் பயந்தேன். நீ ஒரே வாரத்தில் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டினாய்.

நோயாளிகளைத் தேற்றுவதில் உனக்கு நிகர் கிடையாது. நடுங்கும் கன்னடத்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயபடபேடி அம்மா, சண்ண தூத்து அஷ்டே" என்பாய். பயப்படாதீர்கள், சின்ன ஓட்டைதான், அவ்வளவுதான். நம் தமிழ் ஆட்கள் வந்தால் பேச்சு நீளும். "வீட்ட இடிக்கப் போறதில்லண்ணா. சாவி துவாரம் வழியா உள்ள போயி, வேலைய முடிச்சிட்டு வந்துடுவாங்க. நாலாம் நாளு நீங்களே நடந்து போவீங்க பாருங்க."

உன் வயிறு உன்னை ஏமாற்ற ஆரம்பித்தபோது நாம் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. கேன்டீனில் அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுவாய். "கேஸ் ட்ரபிள்டி" என்பாய். நான் என் பையிலிருந்து அசிடிட்டி மாத்திரையை எடுத்துத் தருவேன். வயிற்றுக் கட்டிக்கான அறுவை எத்தனையோ பார்த்தவள் நான். மாதக்கணக்கில் உனக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யூனிஃபார்ம் இடுப்பில் தளர்ந்தபோது, "பொறாமப்படாதடி" என்று கண்ணடித்தாய். கை கழுவும் தொட்டியில் ஒரு நாள் நீ வாந்தி எடுத்தாய். காப்பித்தூள் கரைத்தது போல இருந்தது. நீ குழாயைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தாய். அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் என்று இருவருக்கும் தெரியும்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. முதலில் கேமராவை விட்டுப் பார்ப்பது, உள்ளே சுத்தமாக இருந்தால் அதே மயக்கத்திலேயே, சாவித்துவார முறையிலேயே, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார்.

"நீதான் டேபிள்ல நிக்கணும்" என்றாய்.

"என்னால ஆகாதுடி. வேற யாரையாவது போடச் சொல்றேன்."

"வேற யாராவது கருவிய மாத்திக் குடுத்துட்டா? என் கதி இன்னா ஆவுறது?" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "தெரிஞ்ச கை ஒண்ணு அங்க இருக்கட்டும்."

நின்றேன். காலை எட்டு மணிக்கு உன்னை மயக்கினார்கள். தொப்புள் பக்கத்தில் முதல் துளை. கேமரா உள்ளே போனதும் திரையில் உன் உட்புறம் வந்தது. கல்லீரல் வழவழப்பாக இருந்தது. இரைப்பையின் மேல்புறமும் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் கேமராவை மெல்ல மேலே, வயிற்றுச் சுவரின் பக்கம் திருப்பினார். அங்கே வெள்ளை வெள்ளையாக, ஜவ்வரிசியை வாரித் தெளித்தது போல.

இன்னும் இரண்டு துளை போட்டு, அந்த மணிகளில் இரண்டைக் கிள்ளி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். காத்திருந்த அந்த இருபது நிமிடமும் டாக்டர் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றார். போன் வந்தது. கேட்டுவிட்டு, "க்ளோஸ் மாடோணா, சிஸ்டர்" என்றார். முடித்துவிடலாம் என்றார். வயிற்றுச் சுவரெங்கும் பரவிய பிறகு இரைப்பையை எடுத்து என்ன பயன்? அது எனக்கும் தெரியும். இருந்தாலும், தையல் ஊசியை அவரிடம் கொடுக்க என் கை நீளவில்லை. இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.

வெளியே உன் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் கைகள், கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டிருந்தன. டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அவ எழுந்தா ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிதுன்னு சொல்லிடுங்க. ரெண்டு நாளு போவட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"அண்ணா, அவளுக்கு..." என்று தொடங்கினேன். அவர் அழுத அழுகையில், நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்ற மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை.

நீ கண் விழித்தபோது உன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். முதலில் மூக்கைத் தொட்டுப் பார்த்தாய், இரைப்பையை எடுத்திருந்தால் இருக்க வேண்டிய குழாய் இல்லை. பிறகு போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவினாய். உன் விரல் ஒரு பிளாஸ்திரியிலிருந்து அடுத்ததற்குப் போவதைப் போர்வையின் மேலிருந்தே நான் பார்த்தேன். தொப்புளில் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் ஒன்று. அதற்கு மேல் தேடினாய். இரைப்பையை வெளியே எடுக்கக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெட்டு இருக்க வேண்டும். அது இல்லை.

"மூணுதானா?"

நான் தலையணையைச் சரி செய்தேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். பத்துகூட ஆகவில்லை. நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் வேலை அது என்று உனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

"இன்னாடி பார்த்தீங்க உள்ள?"

"டாக்டர் வந்து சொல்வாரு" என்றேன். அடுத்த கேஸ் தயாராகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்று நமக்கு அடுத்த கேஸ் எதுவும் கிடையாது. கருவிகள் கழுவும் அறையில் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் டாக்டரை நீயே கூப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். அழவில்லை என்றார்கள். மறுநாள் நான் வந்து நின்றபோது, கோபம் இல்லாமல்தான் சொன்னாய்: "எத்தன பேருக்கு நாம சொல்லியிருப்போம், டாக்டர் வந்து சொல்வாருன்னு? படுத்துகினு கேட்டாத்தான்டி தெரியுது. அது எவ்ளோ நேரம்ப்பா!"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ உன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

பிறகு கீமோ. முடி கொட்டியது. கொஞ்சம் பசி வந்தது, மறுபடி போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். கீழே சந்தில் தண்ணீர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டாய்: "இப்பவாவது சொல்லு. எப்படி இருந்துச்சு என் வயிறு?"

சொன்னேன். கல்லீரலைச் சொன்னேன், பிறகு ஜவ்வரிசியையும் சொன்னேன். "அவ்ளோ சின்னதா?" என்றாய். "அவ்ளோ சின்னதுக்கா?" அப்போதுதான் அழுதாய். நானும் அழுதேன். உள்ளேயிருந்த உன் வீட்டுக்காரர் அறை வாசல் வரை வந்து, திரும்பிப் போனார்.

அந்த அறுவைக்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தாய். ஒரு மத்தியானம் அந்தக் கட்டிலிலேயே போய்விட்டாய். நான் அப்போது தியேட்டரில் இருந்தேன். உன் வயதே ஆன ஒரு பெண். அதே கட்டி, அதே முறை. கேமரா வயிற்றுச் சுவரை முழுதும் சுற்றி வந்தது, சுத்தமாக இருந்தது. ஐந்து மணி நேரம் நின்று கட்டியோடு இரைப்பையை எடுத்து, மீதியைக் குடலோடு இணைத்து முடித்தார்கள். டாக்டர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். சந்தோஷமாக லாக்கரைத் திறந்தேன். போனில் உன் வீட்டிலிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. அந்தப் பெண் பிழைத்ததில் அன்று எனக்கு ஒரு நிமிடம் கோபம் வந்தது. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லலாம்.

போன வாரம் ஒருவரைத் திறந்து பார்த்துவிட்டு மூட வேண்டியதாயிற்று. ஆட்டோ ஓட்டுகிறவர். கண் விழித்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார். உள்ளே பார்த்ததைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. "டாக்டர் வந்து சொல்வாருண்ணா" என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். டாக்டர் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஆமாம்டி, அது ரொம்ப நேரம்தான்.