செல் செத்த சேதி

நவ. 4, செவ்வாய்

மூட்டம். மழை வருகிற மாதிரி பாவ்லா காட்டிவிட்டுப் போய்விட்டது. பெங்களூர் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பின்கட்டு அறையின் நிலைக்கதவுக்கு மருந்து அடித்தது. செல் (கரையான்தான்) அரித்துப் பாதி நிலை மண்ணாகிவிட்டது. அம்மா டார்ச் பிடித்தாள், “ஒண்ணு மிஞ்சக்கூடாது” என்று.

உள்ளே அப்பாவின் சவுண்டு சர்வீஸ் சாமான்கள். குழாய் ஸ்பீக்கர் நாலு. ரெக்கார்டு பெட்டி. சீரியல் பல்பு மூட்டை. கடையை மூடியும் எதையும் எடைக்குப் போட விடமாட்டார்.

அம்மாவுக்கு ஏன் இவ்வளவு குஷி? 17ஆம் தேதி மதுரையில் அப்பாவுக்கு ஆபரேஷன். மூளைக்குள் கம்பி இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, கை நடுக்கத்தை அடக்குவார்கள். அதற்குத்தான் லீவு போட்டு வந்திருக்கிறேன். சாப்பிடும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: “மதுரைக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லப்போறேன்ட்டி. இனிமே தேவைப்படாது.”

சொல்லும்போதே தம்ளர் ரசம் பாதி மேசையில். துணி எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

நவ. 5, புதன்

வெயில். விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அம்மா போனில் சித்தியிடம்: “அவிய மூளையில செல்லு செத்துக்கிட்டே வருதாம். டாக்டரே சொல்லிட்டாரு. மிச்சம் இருக்கதும் செத்துட்டா கை நின்னுரும்.”

டாக்டர் சொன்னது இங்கிலீஷ் செல். இவள் கேட்டுக்கொண்டு வந்தது நிலைக்கதவுச் செல். சீக்கிரம் எல்லாம் சாகணும் என்று கழுகுமலை முருகனுக்கு நேர்ச்சை வேறு. அப்பாவும் நம்பிவிட்டார். மண்டையில் ஓட்டை போட வேண்டாம் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

சாவது பூச்சி இல்லை, அவருடைய சொந்த மூளை. உடம்பை நினைத்தபடி அசைய உதவுகிற மூளைச் செல்லில் ஒரு ரகம். போனது திரும்பாது. நான் பெங்களூர் லேபில் எலியிடம் படிப்பதும் அந்த ரகத்தைத்தான். முடி மாதிரி ஒரு கம்பி, நுனியில் மணல் அளவு விளக்கு. அதை மூளைக்குள் வைத்து எரியவிட்டால் வெளிச்சம் பட்டால் முழிக்கும்படி நாங்கள் முன்பே மாற்றிவைத்த ரகம் மட்டும் முழிக்கும், பக்கத்துச் செல் சும்மா கிடக்கும். அப்பாவுக்கு வைக்கப்போவது அப்படி இல்லை. கரண்டு ஆள் பார்க்காது, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் தட்டும். ஆனாலும் நடுக்கத்தைக் குறைக்கும். இருப்பதில் அதுதான் நல்லது.

மீட்டிங்கில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். வீட்டில் வாய் வரவில்லை.

கழுகுமலைத் திருவிழா ஞாபகம். அப்பா ஏணி மேல், நான் கீழே பல்பு மூட்டையோடு. பல்பிலேயே யானை, பல்பிலேயே தும்பிக்கை, அது தூக்கி மாலை போடும். எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்பது அப்பா கையில். ஊரே யானையைப் பார்க்கும், நான் அந்தக் கையைத்தான் பார்ப்பேன். இப்போது சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள்.

நவ. 6, வியாழன்

சொல்லிவிட்டேன். தீபாவளி முறுக்கு டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தபோது. சுருக்கமாக. எது சாகிறது, ஏன் ஆபரேஷன் வேண்டும்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப சாகட்டும் சாகட்டும்னு நான் வேண்டுனது அவியளயா?”

அப்பா எழுந்து பின்கட்டு அறைக்குள் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

நவ. 8, சனி

நல்ல மழை. தெருவில் கால் வைக்க முடியவில்லை, கரிசல் மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கரண்டு இல்லை.

அப்பா அவராகவே கேட்டார், இவ்வளவு பெரிய மண்டையில் சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று. சொன்னேன்: நீங்கள் முழித்துத்தான் இருப்பீர்கள். கம்பி இறங்க இறங்க அங்கங்கே இருக்கிற செல்லின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். ரகத்துக்கு ரகம் சத்தம் மாறும். அதை வைத்து இடம் பிடிப்பார்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஸ்பீக்கர்லயா?”

என் போனில் எலி மூளையில் பிடித்த சத்தம் ஒன்று இருந்தது. போட்டேன். பொரபொரவென்று. கண்ணை மூடிக் கேட்டார். “முள்ளு வச்சதும், பாட்டு வாரதுக்கு முன்னால ஒரு சத்தம் வரும்லாட்டி. அதே மாதிரி இருக்கு.”

ஆமாம். கல்யாண வீட்டு விடியற்காலை. அப்பா ரெக்கார்டில் முள்ளை வைப்பார். பாட்டுக்கு முன்னால் அந்தப் பொரபொரப்பு நாலு குழாயிலும் வரும், நாய்கள் எழுந்து நிற்கும். எனக்குப் பாட்டைவிட அதுதான் பிடிக்கும். லேபில் முதல் தடவை செல் சத்தம் கேட்டபோது ஏன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

பிறகு கேட்டார்: “இந்த எலி இப்ப நல்லா இருக்கா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இல்லைப்பா, கம்பியால் அது சாகவில்லை, கம்பி சரியான இடத்தில் இருந்ததா என்று பார்க்கக் கடைசியில் மூளையை எடுத்தாக வேண்டும், நாங்கள்தான் கொன்றோம் என்றேன்.

போனை என் பக்கம் நகர்த்தினார். “இன்னொரு தடவ போடு.”

நவ. 10, திங்கள்

மதுரைக்கு அப்பாவே போன் போட்டார். வேண்டாம் என்று சொல்வதற்கு அல்ல. என்னென்ன எடுத்து வரணும் என்று கேட்க.

ஸ்கேன் படம், மாத்திரை, போர்வை, பிளாஸ்க். லேபுக்குக் கடலைமிட்டாய் (மறக்கக்கூடாது).

நேர்ச்சையை அம்மா மாற்றிக்கொண்டாள். மிச்ச செல்லையாவது காப்பாற்று என்று. நிலைக்கதவுக்கு இரண்டாம் தடவை மருந்து அடிக்கவும் விடவில்லை. அது வேறு செல்லும்மா என்றேன். தெரியும் என்றாள். “இருந்தாலும் ஆபரேஷன் முடியட்டும். அதுகளும் அதுவரைக்கும் கிடந்துட்டுப் போகுது.”

நவ. 17, திங்கள்

மதுரை. லேசான தூறல். அப்பா உள்ளே போய் வெகுநேரமாகிறது. மொட்டைத் தலையில் சின்னப் பையன் மாதிரி இருந்தார். வராண்டா பெஞ்சில் எழுதுகிறேன். அம்மா பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்க்கிறாள்.

இப்போது ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். சிரிக்கிறாள். “எல்லாரும் ஸ்பீக்கர் சத்தத்தக் குறைக்கச் சொல்வாங்க. உங்க அப்பா கூட்டி வைக்கச் சொல்றாரு.”

அம்மா எழுந்துவிட்டாள். “அப்ப செல்லு உயிரோட இருக்கா?”

நர்ஸ் கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்தாள்.

பொரபொரவென்று