பெனிட்டோ மாற்றிய ஈஸ்ட்

அன்புள்ள அம்மாவுக்கு, டப்ளினிலிருந்து வெள்ளைத்துரை வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னோடு தங்கியிருக்கும் காரியாபட்டி பெனிட்டோ அறையிலேயே பீர் காய்ச்சுகிறான். நான் குடிப்பதில்லை, பயப்படாதே. போன வாரம் அவன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தபோது பீர் வாளியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, உள்ளே பொங்கும் சத்தம் வேறு. சூடேறினால் வெடித்துவிடும் என்று வெயில் ஏறுமுன் பட்டாசு மருந்து கலந்து முடித்து எழுந்துவிடும் ஊர்க்காரன் சும்மா இருப்பேனா? நீ கொடுத்துவிட்ட சேலையை நனைத்து வாளியில் சுற்றி, ஜன்னலையும் திறந்து வைத்தேன். வெளியே நல்ல குளிர். பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் அடங்கி, பொங்குவதே நின்றுபோனது.

பெனிட்டோ திட்டவில்லை. "ஏலே, இது வெதுவெதுப்புல வேலை செய்யுற ஈஸ்ட். வெடிக்காதுலே" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த தடவை குளிர்லயே புளிக்கிற ஈஸ்ட் வாங்குறேன். நீ நிம்மதியா தூங்கு" என்றான். சொன்னபடியே வாங்கி வந்துவிட்டான்.

சேலையில் பீர் வாடை போகவில்லை. உன் சேலை இன்னொன்று அனுப்பு. மருந்து நெடி இருந்தாலும் பரவாயில்லை.

சீசன் ஆர்டருக்காக உன்னை மத்தியானத்திலும் மருந்து கலக்கச் சொல்கிறார்களாம். தங்கச்சி சொல்லித்தான் தெரியும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எனக்காக ஈஸ்டை மாற்ற இங்கே ஒருவன் இருக்கிறான். உனக்காக அங்கே யாரும் எதையும் மாற்றமாட்டார்கள் அம்மா. வெயில் ஏறினால் நீயே எழுந்து வெளியே வந்துவிடு.

வெள்ளைத்துரை