ஃபின்லாந்துக்கு ஒரு இரவல் லேப்டாப்

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து பிசுபிசுவென்று தூறல். குடை வீட்டிலேயே. வழக்கம்தான்.

யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சென்டரில் லேப்டாப் வாங்கியாயிற்று. இரவல். வெளிநாடு போகிற ஆசிரியர்கள் சொந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோகக்கூடாதாம். இதைக் கொண்டுபோய், வந்ததும் ஒப்படைக்க வேண்டும். வழியில் தொலைந்தாலும், யாராவது திறந்து பார்த்தாலும், உள்ளே கிடைக்க ஒன்றும் இருக்காது.

கொடுத்தது ரபீக். உத்திரமேரூர்தான் அவனுக்கும், பஜாரில் அவன் அத்தாவின் இரும்புக்கடை. ஆபீசில் நான் 'மேடம்', பஸ்ஸில் 'அக்கா'.

அவன் சொன்னது: பென் டிரைவ் சொருகக்கூடாது. சொந்த போட்டோ கூடாது. வேறு யாரும் தொடக்கூடாது. பாஸ்வேர்டு மூன்று முறை தப்பானால் பூட்டிக்கொள்ளும்.

"வூட்டுக்காரர்கிட்டகூட சொல்லக்கூடாது மேடம்."

"அவரு கேக்கவே மாட்டாரு."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

பாஸ்வேர்டு அவர்களே வைத்தது. எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத ஒன்று. பஸ் ஓரிக்கை தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மா, "இன்னா மந்திரம்மா அது?" என்றாள். பாலாற்றில் மணல், நடுவில் ஒரு கோடு தண்ணீர்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை இல்லை. மூட்டம்.

பாப்பா தூங்கியதும் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. நீலத் திரை, ஓரத்தில் கடிகாரம். சுண்ணாம்பு அடித்து இன்னும் குடிபோகாத வீடு மாதிரி. ஆபீசில் ஏற்றிக்கொடுத்த பாசிப் படங்கள் மட்டும் ஒரு மூலையில்.

நம் ஏரிப் பாசியைப் பற்றி ஃபின்லாந்தில் ஒரு கருத்தரங்கில் பேசப்போகிறேன். பதினைந்து நிமிடம். பி.எச்டி. முடித்து இத்தனை வருஷத்தில் முதல் அழைப்பு. இதை விட்டால் இன்னொன்று வருமா, தெரியாது. படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே சொல்லவேண்டியதை எழுத ஆரம்பித்தேன்.

நடுவில் எங்கேயோ போய்விட்டேன். என்னையும் இப்படிக் காலி செய்து கையில் கொடுத்தால்? அரிசி தீர்ந்த ஞாபகம் இல்லாமல், துணி ஊறுகிற ஞாபகம் இல்லாமல், ஏர்போர்ட்டில் நீலமாக நடந்துபோகிறேன். யார் என்னைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் பயமாகவும்.

"அம்மா, தண்ணி" என்றாள் பாப்பா. எல்லாம் திரும்ப ஏறிக்கொண்டது.

வாங்க வேண்டியவை: ஸ்வெட்டர். ஊறுகாய், சின்ன பாட்டில். பாப்பாவுக்கு பிரவுன் அட்டை.

அக்டோபர் 7, செவ்வாய்

பேச்சு முடிந்தது! கடைசிப் படம், விடியற்காலை ஏரி. கீழே எழுத ஒன்றும் தோன்றாமல் அப்படியே விட்டேன். ஸ்வெட்டர் கடைக்காரர், "ஊட்டியாம்மா?" என்றார். "அதுக்கும் கொஞ்சம் தள்ளி" என்றேன்.

அக்டோபர் 8, புதன். ஆயுத பூஜை

டிராக்டருக்குக் குளியல், வாழைக்கன்று, மாலை. இவர் நேற்றிலிருந்தே குஷி.

"லேப்டாப்பையும் வெய்யி வசந்தா. உன் ஆயுதம் அதானே."

"யுனிவர்சிட்டி சாமான்ங்க."

"சரஸ்வதிக்கு யுனிவர்சிட்டி வேற, நம்ம வூடு வேறயா?"

மேலே ஒரு பேப்பர் போட்டு, பேப்பரில் குங்குமம் வைக்கச் சொன்னேன். மண்வெட்டிக்கும் டிராக்டர் சாவிக்கும் நடுவில் அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அழகுதான்.

பொரி கடலையைத் தட்டில் எடுத்துக்கொண்டு தெருவுக்குக் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பேப்பர் கீழே, லேப்டாப் திறந்து, எதிரே இவர். முகத்தில் ஈயாடவில்லை.

"அது இன்னாவோ சிவப்பா காட்டுது."

பக்கத்து வீட்டு முனுசாமி பூஜைக்கு வந்திருக்கிறார். ஃபின்லாந்து போற கம்ப்யூட்டரைக் காட்டேன் என்று கேட்டிருக்கிறார். இவர் திறந்தார். அது பாஸ்வேர்டு கேட்டது.

"தெரியாதுன்னு எப்டி சொல்றது? பொண்டாட்டி பாஸ்வேர்டு தெரியாதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு சிரிப்பான்."

"அதுக்கு?"

"என் பேரப் போட்டேன்."

அது இல்லை என்றதும் பாப்பா பேர். அதுவும் இல்லை என்றதும் என் பேர். பூட்டிக்கொண்டது.

பஜாருக்கு ஓடினேன். கடையில் ரபீக் இருந்தான். "ஆபீஸ் லீவுக்கா. நாளான்னிக்குத்தான் தொறப்பாங்க. பூட்ட எடுத்துறலாம். ஆனா உள்ள போட்டதெல்லாம் அழிஞ்சிதான் வரும்."

சனிக்கிழமை விடியற்காலை ஃபிளைட். என் பேச்சு போயிற்று. இரவு சாப்பிடவில்லை. இவரும் சாப்பிடவில்லை. அதற்கும் எரிச்சல் வந்தது.

அக்டோபர் 9, வியாழன்

வெயில். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பாப்பா வழியாகத் தகவல். "அப்பாகிட்ட குளிக்கச் சொல்லு."

பேப்பரில் திரும்ப எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு படம் வந்தது. மூன்றாவது? மண்டையில் சிவப்புத் திரைதான்.

சாயங்காலம் வாசலில் பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம். "ஏறு" என்றார். ஏன் ஏறினேன், தெரியாது. ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பேசு. நான்தான் ஃபின்லாந்து."

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பேச ஆரம்பித்தேன். எதிரே ஏரி. வெயில் தண்ணீரில் படுத்து, பச்சை மெல்ல மெல்லப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது படம் வந்தது, நாலாவது வந்தது. எதையும் நான் தேடவில்லை. கடைசிப் படத்துக்குச் சொல்லத் தெரியாமல் விட்டிருந்தேனே, அதுவும் வந்தது. யார் வாயில் பேசுகிறேன் என்றே தெரியாமல் பேசினேன். இவர் புல்லில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல. கண்ண மூடிக்கினு பாத்துக்கினு கீறேன்."

குறட்டை கேட்டது எனக்கு. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

திரும்பும்போது முதுகுப்பக்கமிருந்து கேட்டேன். "என் பேரு மூணாவதாத்தான் ஞாபகம் வந்துச்சா?" வண்டி கொஞ்சம் ஆடியது.

அக்டோபர் 10, வெள்ளி

கம்ப்யூட்டர் சென்டரில் ரபீக் பத்து மணிக்கே பூட்டை எடுத்துவிட்டான். துடைத்தான், படங்களைத் திரும்ப ஏற்றினான். "இந்த வாட்டி பாஸ்வேர்டு நீங்களே போடுங்க மேடம். உங்க பேரு, வூட்டுக்காரர் பேரு, கொயந்த பேரு, எதுவும் கூடாது." சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

யோசித்தேன். போட்டேன். இதில்கூட எழுதமாட்டேன். யார் பேரும் இல்லை. ஆனால் இவரைத் தவிர வேறு யாரையும் நினைத்துக்கொண்டு போடவில்லை.

மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பேச்சை எழுதி முடித்தேன். பழையதைவிடச் சின்னது.

அக்டோபர் 13, திங்கள்

ஃபின்லாந்து. பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஏரி, எங்கே கரை முடிந்து தண்ணீர் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. சத்தமே இல்லை. நான் நடப்பது எனக்கே கேட்கவில்லை. இரண்டு ஸ்வெட்டர் வாங்கியிருக்கலாம்.

லேப்டாப் கடிகாரத்தை மாற்றவில்லை. அதில் இன்னும் நம் ஊர் நேரம். மூடியின் இடுக்கில் ஒரு துளி குங்குமம். பேப்பரைத் தாண்டி எப்படியோ போயிருக்கிறது.

பேசினேன். கடைசிப் படத்தில் நம் ஏரி சுவர் அளவுக்கு எழுந்து நின்றது. கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு போன். பாப்பா பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொன்னாள். அப்புறம் இவர்.

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

ஃபோனில் நம் தெரு சத்தம், யாரோ ஆட்டை விரட்டினார்கள்.

"இப்ப இன்னா போட்டிருக்கேன்னு கேக்கமாட்டீங்களா?"

"வேணாம், சொல்லாத. முனுசாமி கேட்டா, எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிறேன்."