ஐந்து நாளாகக் காயாத ரத்தம்

ஃபுரூன்ஸே,
12 அக்டோபர் 1987

என் பிரியமான பாத்மா அக்காவுக்கு,

நல்லபடியாக விடுதி வந்து சேர்ந்துவிட்டேன். தோலோன் கணவாய் ஏறும்போது மூடின கண்ணை பஸ் சமவெளிக்கு இறங்கின பிறகுதான் திறந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்னம்மா, நல்ல தூக்கமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி ரிப்பேர் படிக்கிறவள் வண்டியில் ஏறப் பயப்படுகிறாள் என்று சொன்னால் சிரிக்க மாட்டாரா?

இங்கே இருபத்தாறு பையன்கள், நான் ஒருத்தி. நான் ஸ்பேனரை எடுத்தாலே, "ஏய், எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா, குல்சுன் கையில இரும்பு!" என்று கத்துகிறார்கள். லீவுக்கு முந்தி ஒரு நாள் ஜாக்கியில் நின்ற வண்டிக்கு அடியில் போகச் சொன்னார் வால்டர் வாத்தியார். உள்ளே போனவளுக்கு மூச்சே வரவில்லை அக்கா. காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

அதனால்தான் லீவில் வந்தபோது அத்தானின் மாஸ்க்விச் காரில் கை வைத்தது எனக்குப் பெரிய விஷயம். இடது பின் சக்கரத்தின் பிரேக்கை நான் தனியாகப் பிரித்து, தனியாக மாட்டினேன். ஒவ்வொரு சாமானையும் பெட்ரோலில் முக்கி முக்கி உன் தேநீர்க் கிண்ணம் மாதிரி பளபளவென்று கழுவினேன், நீயே பார்த்தாய். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா? அத்தான் ஏதாவது சொன்னாரா? நல்லதோ கெட்டதோ, உடனே எழுது.

நீ கட்டிக் கொடுத்த குருத், அந்த உலர்ந்த தயிர் உருண்டையை இரண்டே நாளில் இந்தத் தடியன்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சினது உப்புத்தான்.

குன்துஸ் குட்டியின் கன்னத்தில் முத்தம்.
உன் தங்கை,
குல்சுன்


ஆக்-தால்,
19 அக்டோபர் 1987

என் கண்ணு குல்சுனுக்கு,

கடுதாசி கிடைச்சுது. ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழிச்சு எழுதுறியே, இங்க ஒருத்தி வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாள்னு நினைப்பு வேணாமா?

நாங்க சுகம். குன்துஸுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு. ஆறு வயசுக்கு இப்பவே கிழவி மாதிரி பேசுறா. "சித்தி வந்து என் பல்லையும் மாட்டித் தருவாளா?"ன்னு கேக்குறா.

உன் அத்தான் காரைத் துடைக்கிறதும், சுத்திச் சுத்தி வர்றதுமா இருக்கார். என்னைக் கட்டிக்கிட்ட புதுசுலகூட இப்படிப் பாத்ததில்லை. பிரேக் கல்லு மாதிரி நிக்குதாம். "கொஞ்சம் இறுக்கிப் பிடிக்குது, இருந்தாலும் பரவால்ல. பொம்பளை திருகின நட்டு ஆத்தைத் தாண்டாதுன்னு நினைச்சேன், தாண்டிடுச்சே"ன்னார். அவர் வாயில இருந்து இதுவே பெரிசு. ஆனா கையோட, "நடுவுல ஒரு குளறுபடின்னு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே கூட்டிட்டு வந்து பால் பண்ணையில விட்டுடுவேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினவன் நான், ஊர் என்னைத்தான் சிரிக்கும்"னும் சொன்னார். ஜாக்கிரதையா படி.

நவம்பர் எட்டாம் தேதி கோச்கோர்ல அவர் அண்ணன் மகன் கல்யாண விருந்து. புதுசா கார் வாங்கி வச்சுக்கிட்டு பஸ்ஸுல போவாரா மனுஷன்? கணவாய் வழியா கார்லதான். அதுக்கு முந்தி ஆடு வெட்டி சக்கரத்துக்கு ரத்தம் பூசணும்.

பயப்படாதே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

உன் அக்கா,
பாத்மா


ஃபுரூன்ஸே,
27 அக்டோபர் 1987

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, மன்னித்துக்கொள். இதைப் படித்த உடனே அத்தானிடம் சொல். காரை எடுக்க வேண்டாம். முக்கியமாகக் கணவாய்க்கு வேண்டாம்.

நேற்று வால்டர் வாத்தியார் பிரேக்குக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கிண்ணத்தை ஒரு கிளாஸ் பெட்ரோலில் போட்டு மூடி வைத்தார். இன்று காலையில் எடுத்தார். மழைக்கு முளைத்த காளான் மாதிரி உப்பிக் கிடந்தது. நகத்தால் கிள்ளினார், பிய்ந்தது. "இதைப் பெட்ரோல்ல கழுவுறவன் மெக்கானிக் இல்ல, கொலைகாரன். பிரேக் எண்ணெயிலதான் கழுவணும், புரியுதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

நான் பெட்ரோலில்தான் கழுவினேன் அக்கா. ரப்பரையும் சேர்த்து. அத்தான் சொன்னாரே, இறுக்கிப் பிடிக்கிறது என்று, அது ரப்பர் உப்பினதால். அடுத்து அது கிழியும். எண்ணெய் ஒழுகும். அந்தப் பழைய காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய். ஒரு சக்கரத்தில் ஒழுகித் தீர்ந்தால் எந்தச் சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது.

அத்தான் என்னைத் திட்டட்டும், பால் பண்ணைக்கு அனுப்பட்டும். வண்டி மட்டும் கிளம்பக் கூடாது.

குல்சுன்


ஆக்-தால்,
29 அக்டோபர் 1987

என் கண்ணு குல்சுனுக்கு,

உன் பதில் இன்னும் வரலை. வந்தா வரட்டும்னு நானே எழுதுறேன், ஏன்னா இங்க ஒரு அதிசயம்.

சனிக்கிழமை ஆடு வெட்டினோம். துவா ஓதி முடிச்சு, உன் அத்தான் நாலு சக்கரத்துக்கும் ரத்தம் பூசினார். மூணு சக்கரத்துல மறுநாளே காஞ்சு கறுத்துப் போச்சு. இடது பின் சக்கரத்துல மட்டும், நீ வேலை பாத்தியே அதே சக்கரம், அஞ்சு நாளாச்சு, இன்னும் செக்கச்செவேல்னு ஈரம்! காலைல துடைச்சா சாயங்காலம் மறுபடி கசியுது.

பக்கத்து வீட்டு நசர் வந்து பாத்துட்டு, "பலி ஏத்துக்கிட்டதுக்கு இதைவிட என்ன அடையாளம் வேணும்? இந்த வண்டிக்கு ஒரு நாளும் ஆபத்தில்ல"ன்னுட்டார். அவ்வளவுதான், தெருவே வந்துடுச்சு. பொம்பளைங்க விரலால தொட்டுத் தொட்டுப் பிள்ளைங்க நெத்தியில வைக்கிறாங்க. குன்துஸ் நெத்தியில உன் அத்தானே வச்சார். ஒரு மாதிரி சாராய வாடை அடிக்குதுன்னு சொன்னேன். "ஆடு குடிச்சிருக்கும்"னு சொல்லிச் சிரிக்கிறார்.

உன் கைராசியாம். ஊரே பேசுது. சந்தோஷமா இரு.

உன் அக்கா,
பாத்மா


தந்தி
ஃபுரூன்ஸே, 4 நவம்பர் 1987

இடது பின் சக்கரத்தில் இருப்பது ரத்தம் அல்ல. பிரேக் எண்ணெய். சிவப்பு நிறம். வண்டி எடுக்க வேண்டாம். உடனே பதில் தந்தி. குல்சுன்.


ஃபுரூன்ஸே,
8 நவம்பர் 1987

அக்கா,

நாலு நாளாகப் பதில் இல்லை. விடுமுறை என்று தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை எடுத்துப் போகவும் ஆளில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

ரத்தம் அஞ்சு நாள் சிவப்பாக இருக்காது அக்கா. நாம் எத்தனை ஆடு வெட்டிப் பார்த்திருக்கிறோம்? மறுநாளே கறுத்துவிடும். உனக்குத் தெரியாதா? அத்தானுக்குத் தெரியாதா? என் பட்டறையில் ஒரு டப்பா நிறைய அதே சிவப்பு இருக்கிறது. அதே சாராய வாடை. இன்று மூடியைத் திறந்து முகர்ந்தேன், வாந்தி எடுத்துவிட்டேன். இதைத்தானே குழந்தை நெற்றியில் வைத்தீர்கள்.

இப்போது மணி பதினொன்று. கணவாய் உச்சிக்கு வந்திருப்பார்கள். குன்துஸ் முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்திருப்பாள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

குல்சுன்


ஆக்-தால்,
14 நவம்பர் 1987

குல்சுன்,

முதல்ல இதைப் படி: ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. உன் அத்தானுக்கு விலா எலும்பு ரெண்டு. குன்துஸுக்கு இடது கை. நாரின் ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டு நேத்துதான் வீட்டுக்கு அனுப்பினாங்க.

இனி நான் சொல்லப் போறதைக் கேட்டுட்டு என்ன நினைக்கிறியோ நினைச்சுக்கோ.

உன் இருபத்தேழாம் தேதிக் கடுதாசி மூணாம் தேதியே என் கைக்கு வந்துடுச்சு. படிச்சேன். மாவுப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். அவர்கிட்ட காட்டினா உன் படிப்பு அன்னைக்கே போச்சுன்னு பயந்தேன். நான்தான் பதினாறு வயசுல படிப்பை விட்டேன், நீயும் விடணுமான்னு நினைச்சேன். ஊரே கும்பிடுற சக்கரத்துல அப்படி என்ன ஆகிடும், நீ பயந்தாங்கொள்ளி, எதுக்கெடுத்தாலும் நடுங்குறவள்னும் நினைச்சேன். ஆமாடி, நினைச்சேன்.

அஞ்சாம் தேதி தந்தி வந்துச்சு. தபால்காரி வாசல்லயே சத்தமா படிச்சா. உன் அத்தான் சிரிச்சார். "ஃபுரூன்ஸேல உக்காந்துக்கிட்டு இங்க ரத்தமா எண்ணெயான்னு கண்டுபிடிக்கிறாளே, இவளுக்குத் தூரப்பார்வை!"ன்னார். நசரும் சிரிச்சார். அப்பவாவது அந்தக் கடுதாசியை எடுத்து நீட்டியிருந்தா அவர் நின்னிருப்பார். பெட்ரோல், ரப்பர்னு படிச்சா அவருக்குப் புரியும், இருபது வருஷம் டிராக்டர் ஓட்டினவர். என் கை மாவுப் பானை மேலயே இருந்துச்சு. எடுக்கலை. பதில் தந்தி அனுப்பவும் மனசு வரலை, என்னன்னு அனுப்புவேன்?

எட்டாம் தேதி காலைல கிளம்பினாங்க. எனக்கு மாடு கன்னு போடுற நேரம், போக முடியலை. உச்சி வரைக்கும் ஒண்ணும் இல்லையாம். அந்தப் பக்கம் இறங்கும்போது மூணாவது வளைவுல பிரேக்கை மிதிச்சிருக்கார், மிதி தரையோட போயிடுச்சு. கியரைக் குறைச்சு, கை பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாம மலைப்பக்கத்துப் பனிக்குவியல்ல விட்டு மோதியிருக்கார். வண்டி சாஞ்சு விழுந்துச்சு. குன்துஸ் அழவே இல்லையாம். "அப்பா, நெத்தியில வச்சோமே"ன்னு மட்டும் கேட்டாளாம்.

அவர் ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்ததும் நான் கடுதாசியைக் கையில கொடுத்தேன். மாவு உதிர உதிரப் படிச்சார். மடிச்சுத் தலைமாட்டுல வச்சார். அப்புறம், "கழுவினது அவ. ஒளிச்சது நீ. வாடையை மோந்துட்டுச் சிரிச்சவன் நான்"னார். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை இல்லை.

இன்னைக்குக் காலைல சுவத்தைப் பாத்துக்கிட்டே, "அவளை வரச் சொல்லு"ன்னார். எதுக்குன்னு கேக்க எனக்குப் பயமா இருக்கு. வண்டியை இழுத்துட்டு வந்து கொட்டகையில போட்டிருக்காங்க.

வர்றதும் வராததும் உன் இஷ்டம். நான் கூப்பிடுற தகுதியில இல்லை.

பாத்மா


ஃபுரூன்ஸே,
20 நவம்பர் 1987

என் பாத்மா அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாங்கி இரண்டு மணி நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். முதல் வரியைப் படித்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். விடுதிக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உன் மேல் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரி முழுக்க வந்தது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. காலையில் யோசித்தேன். எனக்காகப் பயந்துதானே ஒளித்தாய்? நான் ரப்பரைக் கெடுத்தேன், நீ கடிதத்தை ஒளித்தாய். உன்னைத் திட்ட எனக்கு வாய் ஏது?

இன்று வகுப்பில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தாறு பேரில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. வால்டர் வாத்தியார் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அலமாரியைத் திறந்து நாலு சக்கரத்துக்கும் புது ரப்பர் எடுத்துக் கொடுத்தார். "திரும்பி வந்து என்ன ஆச்சுன்னு இவனுங்களுக்குச் சொல்லு" என்றார். திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது.

இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். அத்தான் எதற்குக் கூப்பிட்டாரோ, அதற்கு நான் தயார். அடித்தாலும் சரி, பால் பண்ணை என்றாலும் சரி. ஆனால் முதலில் அந்த வண்டியின் நாலு சக்கரத்தையும் அவர் முன்னால் நான்தான் பிரிப்பேன், அவர் கண் முன்னால் பிரேக் எண்ணெயில் கழுவி மாட்டுவேன் என்று சொல். குன்துஸ் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அது முடிந்து முதல் தடவை கணவாய் ஏறும்போது முன் சீட்டில் நான் உட்காருவேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

பயம் போகவில்லை அக்கா. எழுதும்போதே எழுத்து கோணுவது உனக்கே தெரியும். அந்தப் பயத்தோடுதான் வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தத் தடவை எடுத்தவுடன் ஆடு வெட்ட வேண்டாம். நான் மாட்டி முடித்ததும் பிரேக்கை நன்றாக மிதித்து, சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வெள்ளைத் துணி விரித்து, மூன்று நாள் விட்டு வைப்போம். நாலும் வெள்ளையாகவே இருந்தால் அப்புறம் ரத்தம் பூசட்டும், நானே ஆட்டைப் பிடித்துக் கொடுக்கிறேன்.

பழைய படுக்கை விரிப்பு இருந்தால் நாலாகக் கிழித்து, துவைத்துக் காயப் போட்டு வை.

உன் தங்கை,
குல்சுன்